மூச்சை விற்பவனுக்குக் கூலி எங்கே?

கடலைக் கண்ணால் காண வேண்டுமானால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டிய கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு, கடலுக்கடியில் உழைப்பவனின் கூலியைப் பற்றி எழுதுவானேன்? கல்வராயன் மலையடிவாரத்துக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் என்ன உறவு? இப்படிச் சிலர் கேட்கக் கூடும். உறவு இருக்கிறது, சகோதரர்களே! ஒன்றல்ல, மூன்று இருக்கிறது.

முதலாவது, தண்ணீருக்கடியில் இறங்குகிறவன் நம் ஊரிலும் இருக்கிறான். கோமுகி அணையிலோ, மலையருவியின் மடுவிலோ, வயல்காட்டுக் கிணற்றிலோ ஒருவர் மூழ்கிவிட்டால், தீயணைப்பு வண்டி வந்து சேரும் முன்பே "அவனைக் கூப்பிடு" என்று ஊர் தேடும் ஒருவன் எல்லாப் பக்கமும் இருக்கிறான். கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுப்பவனும் அவன்தான். மையித்தை எடுப்பவனும் அவன்தான். கையில் திணிப்பதை வாங்கிக்கொண்டு போவான். இறங்கியவன் ஏறவில்லை என்றால் அவன் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

இரண்டாவது, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கும் ஸ்கூபா இன்று ஒரு தொழிலாகி விட்டது. புதுச்சேரியிலும் அந்தமானிலும் மாலத்தீவிலும் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் அழைத்துப் போகும் வேலைக்கு இளைஞர்களைத் தேடுகிறார்கள். நீச்சல் தெரிந்த நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் அந்த விளம்பரம் வருகிறது.

மூன்றாவதுதான் நம் நெஞ்சைத் தொட வேண்டியது. தமிழ்நாட்டில் மூச்சைப் பணயம் வைத்துச் சோறு தேடும் பழைய தொழில் முத்துக் குளிப்பதும் சங்கு குளிப்பதும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அந்தத் தொழிலோடு வளர்ந்தவர்கள் நம் சமுதாயத்தவர்கள். குளித்தவர்களிலும் நம்மவர் உண்டு. வாங்கி விற்றவர்களிலும் நம்மவர் உண்டு. ஆகவே இந்தக் கேள்வி அரசாங்கத்தை நோக்கி மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல. வணிகப் பெருமக்களே, உங்களையும் நோக்கித்தான்!

தண்ணீர் கேட்கும் விலை

கூலியைப் பேசும் முன் அந்த வேலை என்ன என்று தெரிந்துகொள்வோம். தரையில் நிற்கும் நம் மீது ஒரு மடங்கு காற்றழுத்தம். தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் அது இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று. முப்பதில் நான்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து விடுகிறது. மெதுவாக, இடையிடையே நின்று ஏறினால் அது மூச்சு வழியே வெளியேறும். அவசரமாக ஏறினாலோ, சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவது போல உடம்புக்குள் குமிழியிடும். மூட்டில் தங்கினால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் தங்கினால் இடுப்புக்குக் கீழே முடக்கம். மூளையையும் நெஞ்சையும் தாக்கினால் உயிரே போகும்.

இது இன்று கண்டுபிடித்த செய்தி அல்ல. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன் எங்கெங்கே நின்று ஏற வேண்டும் என்று 1908-லேயே ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் அட்டவணை போட்டுக் கொடுத்து விட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அட்டவணை இன்னும் எத்தனை சங்குகுளிப் படகுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது?

பழைய காலக் குளியாள் கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தோடு இறங்கினான். ஒரே மூச்சில் இறங்கி அதே மூச்சில் ஏறினான். அவனுக்கு வேறு ஆபத்துகள் இருந்தன. ஆனால் இந்த முடக்கம் பெரும்பாலும் இல்லை. அவனுடைய மூச்சே அவனுக்கு எல்லை கட்டியிருந்தது. பிறகு கம்ப்ரஸர் வந்தது. படகில் வைத்த இயந்திரத்திலிருந்து ஒரு குழாய், அதன் நுனியை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் கீழே! குழாய் மடங்கினால் மூச்சு நிற்கும். இயந்திரப் புகை காற்றோடு கலந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷம் நேராக நுரையீரலுக்குப் போகும். மூச்சு போட்டிருந்த எல்லையை இயந்திரம் அழித்து விட்டது. அந்த இடத்தில் வேறு எல்லையை யாரும் போடவில்லை. இதுதான் கொடுமையின் தொடக்கம்.

சங்குக்கு விலை உண்டு, நேரத்துக்கு உண்டா?

இந்தத் தொழிலில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது? கீழே இருந்த நேரத்துக்கு அல்ல. ஏற்ற ஆபத்துக்கு அல்ல. மேலே கொண்டு வந்த பொருளுக்கு! சங்கு கிடைத்தால் காசு. கிடைக்காவிட்டால் டீசல் செலவு கூட அவன் கணக்கில் கடன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் நடந்த முத்துச் சலாபங்களில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒரு பங்குதான் கடலில் இறங்கியவனுக்கு. அதையும் படகுக்காரனோடும் கயிறு பிடித்தவனோடும் அவன் பிரித்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்தில் முத்துச் சலாபம் 1961-ஓடு முடிந்து போனது. முத்து போயிற்று, சங்கு இருக்கிறது. ஆனால் பங்குக் கணக்கு என்ற அந்தப் பழைய வழக்கம் மட்டும் சாகவில்லை.

நமக்குத் தெரிந்த வேலையை வைத்துப் பாருங்கள். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுபவருக்கும் டன் கணக்கில்தான் கூலி. அதுவும் அநீதிதான். ஆனால் கரும்பு வெட்டுபவர் களைத்துப் போனால் சற்று வரப்பில் உட்காரலாம். இழப்பு அன்றைய காசோடு போகும். கடலடியில் நிலைமை வேறு. அங்கே "இன்னும் நான்கு சங்கு எடுப்போம்" என்று நின்ற பத்து நிமிடம் அவன் கால்களைப் பறிக்கும். "சீக்கிரம் ஏறி அடுத்த இடத்துக்குப் போவோம்" என்ற அவசரம் உயிரைப் பறிக்கும். தாமதித்தாலும் ஆபத்து, விரைந்தாலும் ஆபத்து என்ற இடத்தில் இருப்பவனை, எண்ணிக்கைக்குக் கூலி என்று சொல்லி விரட்டுவது என்ன நியாயம்? பங்குக் கணக்கு வெறும் கூலி முறை அல்ல, சகோதரர்களே! அவனை ஆழத்துக்குத் தள்ளும் கை அதுதான்.

இதோடு நிற்கவில்லை. 1923-ல் இயற்றப்பட்டுக் காலந்தோறும் திருத்தப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியல் ஒன்று உண்டு. அழுத்தக் காற்றில் செய்யும் வேலையால் வரும் நோய்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. இன்று அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டு விட்டது. ஆனால் இழப்பீடு கேட்க வேண்டுமானால் கேட்பவன் "தொழிலாளி" ஆக இருக்க வேண்டும். எதிரில் ஒரு "முதலாளி" இருக்க வேண்டும். பங்குக்குப் போகிறவனைப் பார்த்து "நீ தொழிலாளி அல்ல, பங்காளி" என்று சொன்னால் முடிந்தது கதை! ஒரே ஒரு சொல்லால் அவனுடைய கூலியும் போகிறது, பாதுகாப்பும் போகிறது, இழப்பீடும் போகிறது.

முன்பணம் என்னும் விலங்கு

கடலோரத் தொழிலில் பங்கோடு ஒட்டிப் பிறந்தது முன்பணம். அதைக் கல்வராயன் மலைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. ஜாகீர் ஒழிந்தது, தரகர் வந்தார். வீட்டில் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்தால் முன்பணம் நீட்டுவார். பின்னாலே மரம் வெட்ட ஆள் கூப்பிடுவார்.

அந்த முன்பணம் எங்கே கொண்டு போய் விட்டது? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து ஏழைகள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. கல்வராயன் மலையின் சேலம் பக்கம், கருமந்துறை வட்டாரத்துப் பிள்ளைகள் என்று அடையாளம் காணப்பட்டார்கள். மரத்தைக் கடத்தி மாளிகை கட்டியவன் எவனும் அந்த ஏரியில் மிதக்கவில்லை!

கடலிலும் இதே கதைதான். நம் பிள்ளைகள் இன்று வேலை தேடிப் போகும் வளைகுடா நாடுகளில், எண்ணெய் கிடைக்கும் முன் முத்துக் குளிப்பதே பிழைப்பு. நாகுதாவிடம் முன்பணம் வாங்கியவன் அதை அடைக்கும் வரை வேறு படகில் ஏற முடியாது. அடைக்காமல் இறந்தால் கடன் மகன் தலையில் விழும். மகனும் கடலில் இறங்க வேண்டும். 1920-களில் பஹ்ரைனில் இதைச் சீர்திருத்தினார்கள். ஒவ்வொரு குளியாளுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு கணக்குப் புத்தகம்! அவன் எவ்வளவு வாங்கினான், எவ்வளவு கொடுத்தான் என்று எழுதிக் காட்டும் சாதாரணப் புத்தகம். அதற்கே முதலாளிமார் ஆத்திரப்பட்டார்கள். ஏன்? இருட்டில் இருக்கும் வரைதான் கடன் வளரும்.

நம் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்து விட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவன் வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமையையோ, தன் உழைப்பின் விளைவைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ பறித்தால் அது கொத்தடிமைத்தனம் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லி விட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் வந்த தீர்ப்பு அது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. கடற்கரைக்கு மட்டும் இரண்டும் வந்து சேரவில்லை.

இதுவா கூட்டு வியாபாரம்?

"நாங்கள் கூலிக்கு ஆள் வைக்கவில்லை. பணம் எங்களுடையது, உழைப்பு அவனுடையது. இது மார்க்கம் அனுமதித்த கூட்டு வியாபாரம்" என்று நம் வணிகர்களில் சிலர் சொல்லக் கூடும். மதரஸாவில் முதல் சில ஆண்டுகள் ஓதிய மாணவன் கூட இதற்குப் பதில் சொல்வான்.

ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முளாரபா கூட்டில், நட்டம் வந்தால் முதல் போட்டவரின் பணம் போகும். உழைத்தவரின் உழைப்பு போகும். அவ்வளவுதான். உழைத்தவன் தலையில் கடன் நிற்காது! இங்கே என்ன நடக்கிறது? சங்கு கிடைக்காத நாளின் செலவு குளித்தவன் கணக்கில் ஏறுகிறது. அவன் முடங்கிப் படுத்தாலும் முன்பணம் அப்படியே நிற்கிறது. இலாபத்தில் பங்காளி, நட்டத்தில் கடனாளி! இதற்குப் பெயர் கூட்டா?

அடுத்தது இன்னும் கூர்மையானது. கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காட்டி ஆதாயம் பெற்றால் அது வட்டியின் வாசல் என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் நமக்குக் கற்பித்த விதி. "என்னிடம் முன்பணம் வாங்கினாய், ஆகவே சங்கை எனக்கே கொடு, நான் சொல்லும் விலைக்குக் கொடு" என்றால், சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு என்ன பெயர்? வங்கியில் வட்டி வாங்கக் கூசும் கை, தராசுத் தட்டில் அதை வாங்கலாமா? இப்படிச் செய்யாத நேர்மையான வணிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி சுடாது. சுடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

"அவனை யார் இறங்கச் சொன்னது?"

இன்னொரு பேச்சும் உண்டு. "ஆபத்து தெரிந்தேதான் இறங்குகிறான். ஒரே நாளில் நல்ல காசு பார்க்கிறான். நாம் என்ன செய்வது?" இந்தப் பேச்சுக்கு உலகம் பதில் சொல்லி விட்டது.

நடு அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்ற நாடு. அங்கே மிஸ்கிட்டோ என்ற பழங்குடி மக்கள் இறால் இனமான லாப்ஸ்டர் பிடிக்கக் கடலில் மூழ்குகிறார்கள். பிடித்த எடைக்குத்தான் காசு. தேய்ந்த சிலிண்டர், பயிற்சி கிடையாது, ஒரே நாளில் பலமுறை ஆழத்தில் இறக்கம். முடங்கியவர்கள் ஊர் ஊராகக் கிடந்தார்கள். 42 பேரின் வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2021 ஆகஸ்டு 31 அன்று தீர்ப்பு வந்தது. தனியார் முதலாளிகளைக் கண்காணிக்கத் தவறிய அரசே பொறுப்பு என்று அந்த நாடே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. "அவனே இறங்கினான்" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

பணக்கார நாடான நார்வேயைப் பாருங்கள். வடகடலில் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக மூழ்கியவர்கள் பின்னாளில் நோயாளிகளானார்கள். எவ்வளவு வேகமாக மேலே ஏற்றலாம் என்ற அட்டவணை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டது. போட்டிக்காக அதை மூடி வைத்தார்கள். ஆபத்தை அறியும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 டிசம்பரில் நார்வே அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

தெரிந்தே இறங்கினான் என்கிறீர்களே, யார் அவனுக்குச் சொன்னது? அட்டவணையைக் காட்டினீர்களா? மருத்துவரிடம் அனுப்பினீர்களா? கையில் கடனும் வீட்டில் பசியும் இருப்பவன் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று சொல்வது, பள்ளத்தின் விளிம்பில் ஒருவனை நிறுத்திவிட்டு "அவனாகத்தான் விழுந்தான்" என்று சொல்வதற்குச் சமம்.

இளைஞர்களே, கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்!

ஸ்கூபா வேலைக்குப் போக விரும்பும் தம்பிகளே! போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கற்க வேண்டிய கலைதான் அது. ஆனால் அந்த மினுமினுப்புக்கு அடியிலும் இதே பங்குக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். அல்லது பயிற்சிக்கு ஈடாக மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் சிலிண்டர் தூக்க வேண்டும். பல இடங்களில் பயிற்றுநருக்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. மழைக்காலத்தில் பயணி இல்லை, சம்பளமும் இல்லை. பயணி கூடும் நாளில் ஒரே நாளில் எத்தனை முறை இறங்குவது என்பதை உங்கள் உடம்பு தீர்மானிப்பதில்லை, கல்லாப்பெட்டி தீர்மானிக்கிறது.

கையெழுத்திடும் முன் கேளுங்கள். மாதச் சம்பளம் எழுத்தில் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த ஆழம் என்ற வரம்பு உண்டா? காப்பீடு யார் பெயரில்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? முடக்கம் வந்தால் சிகிச்சை தரும் அழுத்த அறை எந்த ஊர் மருத்துவமனையில் இருக்கிறது, அங்கே போக எத்தனை மணி நேரம்? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத இடம் வேலை இடம் அல்ல.

மலைக்காரப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சொல். ஆழத்தில் மூழ்கி எழுந்தவன் அன்றே உயரத்துக்குப் போகக் கூடாது. காற்றழுத்தம் குறையக் குறைய உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியிடும். விமானத்துக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அல்ல இது. கடலில் வேலை முடித்து அன்று மாலையே வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுகிறவனுக்கும் இது பொருந்தும். விடுமுறைக்கு முந்தின நாள் கடலில் இறங்க மாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லும் உரிமை வேண்டுமானால் பங்குக் கணக்கு போய்ச் சம்பளம் வர வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

மூழ்கும் தொழிலாளி, சங்கு எடுத்தாலும் சுற்றுலாப் பயணியை அழைத்துப் போனாலும் அணையின் மதகைப் பழுது பார்த்தாலும், சட்டத்தின் முன் தொழிலாளியாக எழுதப்பட வேண்டும். இறங்கிய நாளுக்கு நிலையான கூலி. அதற்கு மேல்தான் பங்கு. சங்கு கிடைக்காத நாளுக்கும் கூலி உண்டு என்ற ஒரு விதி வந்தாலே "இன்னும் நான்கு சங்கு" என்ற அவசரம் பாதி குறையும்.

பிரிட்டனில் மூழ்கும் வேலைக்கு 1997-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனி விதிகள் உண்டு. எழுத்திலான வேலைத் திட்டம், பொறுப்பான மேற்பார்வையாளர், மருத்துவத் தகுதிச் சான்று இல்லாமல் யாரையும் இறக்க முடியாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டுக்கு இது ஏன் முடியாது? கடற்கரை மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் அழுத்த அறை சிகிச்சைக்கு வழி செய்யட்டும். மூட்டு முடங்கி வருபவனை வாதநோய் என்று திருப்பி அனுப்பாமல், தொழில்நோய் என்று எழுதட்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகமும் கேட்கட்டும். கிணற்றிலும் அணையிலும் உயிரைக் கொடுத்து உடல் எடுக்கும் ஆட்களைக் கணக்கெடுத்து, தீயணைப்புத் துறை மூலம் பயிற்சி கொடுத்து, இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் அரசே ஊதியம் நிர்ணயிக்கட்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. செத்த பின் வரும் நிவாரணம் எவ்வளவு பெரிதானாலும் போன உயிரைத் தராது என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

வணிகப் பெருமக்களே! உங்களிடம் கேட்பது இதைவிட எளிது. சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். முன்பணம் கொடுத்தால் அதைக் கடனாக மட்டும் எழுதுங்கள். விலையோடு முடிச்சுப் போடாதீர்கள். கணக்குப் புத்தகம் ஒன்று அவன் கையிலும் இருக்கட்டும். உங்களுக்காக இறங்கி முடங்கியவனின் கடனைக் கிழித்துப் போடுங்கள். வங்காளத்துப் பெண்கள் கையில் வளையாக மின்னும் அந்தச் சங்கை நாலு பேர் நாலு விலைக்கு விற்கிறார்கள். அதைக் கடலடியிலிருந்து தூக்கியவன் மட்டும் விலை கேட்க வாயில்லாதவனாக நிற்கிறான். அவன் வாயில் குழாய் இருக்கிறது என்பதற்காக, பேச வேண்டிய நாமும் வாய் மூடி இருக்கலாமா?

சிந்திப்பீர்!